காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு என்ன ஆயில் ஊற்றுவது?

சென்னையில் 1955-இல் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து, 2010 வாக்கில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே உறைக்குள் இருக்கும் யூ.சி.இ. எஞ்சின் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை, பெரும்பாலான 350 புல்லட்டுகளில் இருந்தது காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின்தான். அவை இன்றும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஆயில் வாங்குபவர்கள் புது பைக்குக்குச் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

கடையில் "எந்தக் கம்பெனி ஆயில் நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால், ஊற்றுகிற ஆயில் வண்டிக்குள் எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்ப்ளெண்டரிலும் யூ.சி.இ. புல்லட்டிலும் ஒரே ஆயில்தான் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றையும் நனைக்கிறது. காஸ்ட் அயர்ன் புல்லட் அப்படி இல்லை. எஞ்சினுக்கு ஒரு ஆயில், கிளட்ச் இருக்கும் பிரைமரி செயின் கேஸுக்கு இன்னொன்று, கியர் பாக்ஸுக்கு வேறொன்று. ஒரே வீட்டில் மூன்று சமையலறை மாதிரி. எதற்கு எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் தேர்வு சுலபம்.

எஞ்சினுக்கு

நம் ஊர் வெயிலில், நல்ல நிலையில் உள்ள காஸ்ட் அயர்ன் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

பின்னால் வரும் 50 என்ற எண், எஞ்சின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. 100 டிகிரி செல்சியஸில் 50 கிரேடு ஆயிலின் பிசுப்பு 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3. 30 கிரேடுக்கு 9.3 முதல் 12.5. இரும்பு சிலிண்டர் அலுமினியத்தைப் போலச் சூட்டைச் சட்டென்று வெளியே விடாது. குளிரூட்ட வருவதோ காற்று மட்டும். மே மாதம் மதியம் சிக்னல் சிக்னலாக நின்று நின்று போகும்போது அந்தக் காற்றும் கிடையாது. அதோடு, முப்பது வருடம் ஓடிய எஞ்சினில் உதிரிகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கும். பழைய புல்லட்டுகளின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனையில்) உருளைகள் இல்லை, ஃப்ளோட்டிங் புஷ்தான். அது ஆயில் படலத்தின் மேல் மிதந்தே சுற்றுகிறது. அந்தப் படலம் மெலிந்தால் புஷ்ஷும் பின்னும் நேரடியாக உரசும். 10டபிள்யூ-30 ஊற்றிய பழைய புல்லட்டில் வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் கூடும், ரிங்கைத் தாண்டி ஆயில் ஏறி நீலப் புகை வரும், கேஸ் இணைப்புகளில் கசிவும் அதிகமாகும்.

முன்னால் இருக்கும் 20டபிள்யூ குளிரைப் பற்றியது. டபிள்யூ என்றால் விண்டர். 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பதே மைனஸ் 15 டிகிரியில். மதுரைக்கும் வேலூருக்கும் அந்த எண்ணால் பெரிய வேலை இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் விடியற்காலையில் கிக்கர் கல்லாக நின்றால் 15டபிள்யூ-50 போடலாம், பின் எண் மாறாமல் இருந்தால் சரி.

புகை விடுகிறது என்பதற்காக 60 கிரேடுக்குப் போவதோ, ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பாவை வாங்கி ஊற்றுவதோ வேண்டாம். சில மாதம் புகை அடங்கியதுபோலத் தெரியும். ஆனால் ரிங் தேய்ந்ததும் வால்வ் கைடு தேய்ந்ததும் அப்படியேதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போய்ச் சேரவும் நேரமாகும்.

டின்னில் என்ன படிப்பது

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறி) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எஸ்ஜி, எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் என்று ஏதாவது இருக்கும். இரண்டாம் எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போகத் தரம் புதியது. புஷ் ராடு எஞ்சினில் கேமும் டேப்பெட்டும் நேரடியாக உரசுவதால், துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து ஆயிலில் தேவை. புதிய தரங்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு 20, 30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு வந்தது, 20டபிள்யூ-50-ஐ அது தொடவில்லை. எனவே எஸ்ஜியோ எஸ்எல்லோ எது கிடைத்தாலும் சரி, பைக்குக்கென்று விற்கும் ஆயிலாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஜாசோ, ஜப்பானிய வாகனத் தரக் குறி. எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருந்தால், ஆயிலில் நனைந்த கிளட்ச் வழுக்காது என்று பொருள். எம்பி என்றால் வழுக்கல் அதிகம், ஸ்கூட்டருக்கானது. காஸ்ட் அயர்ன் எஞ்சினுக்குள் கிளட்ச் இல்லாததால் எம்பி ஊற்றினாலும் எஞ்சினுக்குக் கேடில்லை. ஆனால் அதே டின்னில் மிச்சமானதைத்தான் செயின் கேஸிலும் ஊற்றுவோம், அங்கே வழுக்கும். அதனால் முதலிலேயே எம்ஏ அல்லது எம்ஏ2 வாங்கிவிடுங்கள்.

ஃபுல் சிந்தெடிக் போட்டால் பழைய எஞ்சின் கெட்டுவிடும் என்பது மிகைப்படுத்திச் சொல்வது. மினரல் ஆயிலின் கசடு அடைத்து வைத்திருந்த காய்ந்த ஆயில் சீல், சிந்தெடிக் போட்டதும் கசியத் தொடங்கலாம், அவ்வளவுதான். ஆனால் 2,000 கிலோமீட்டரில் வடித்துவிடப் போகிற ஆயிலுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பதில் இந்த எஞ்சினுக்கு எந்த லாபமும் இல்லை. அந்தப் பணத்தில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

செயின் கேஸ், கியர் பாக்ஸ்

செயின் கேஸுக்குச் சுமார் 420 மில்லி, எஞ்சினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கேஸில் லெவல் ஸ்க்ரூ இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊற்றுங்கள், அங்கே வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கூடுதலாக ஊற்றினால் கிளட்ச் இழுக்காது. குறைந்தால் செயின் சத்தமிடும்.

நாலு கியர் பாக்ஸில் எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள். அது கூழ்மாதிரி மெல்லிய கிரீஸும் அதிக அழுத்தம் தாங்கும் இபி 90 கியர் ஆயிலும் கலந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. வெறும் இபி 90 மட்டும் ஊற்றினால் கிக்கர் ஷாஃப்ட் வழியாகத் தரையில் கோலம் போடும். இபி 90-இல் ஜிஎல்-4 தரம் பாருங்கள். ஜிஎல்-5-இன் கந்தக மருந்து பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆயில் மொத்தம் சுமார் 2.25 லிட்டர். செயின் கேஸையும் சேர்த்தால் 2.67 லிட்டர். ஒரு லிட்டர் டின் மூன்று வாங்கினால் டாப் அப்புக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஃபில்டர், அதன் ரப்பர் வளையங்கள், டிரெயின் போல்ட் வாஷர்கள், மூன்று லிட்டர் பிடிக்கும் தட்டு, புனல், வெள்ளைத் துணி ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சூட்டோடு வடியுங்கள். ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. டேங்குக்கு அடியிலும் கிராங்க் கேஸுக்கு அடியிலும் தனித்தனி டிரெயின் போல்ட் உண்டு. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு "வடிந்துவிட்டது" என்று மூடினால் பழைய கறுப்பு ஆயில் உள்ளேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றி இருபது நிமிடம் விடுங்கள்.

வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது நல்லதே, கசடை ஆயில் அள்ளியிருக்கிறது. பால் காபி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசியைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண். விரலில் தொட்டுத் தேய்க்கும்போது தங்கத் துகள் போல மின்னினால் வெண்கலம் தேய்கிறது. பிக் எண்ட் புஷ்ஷோ ராக்கர் புஷ்ஷோ என்று மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியை எடுங்கள்.

வலது பக்கம் டைமிங் கவரில் ஃபில்டர் மூடி இருக்கிறது. கழற்றும்போது ஸ்பிரிங், வாஷர், ரப்பர் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் துணியில் அடுக்கி வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வடிகட்டாத ஆயில் நேரே பிக் எண்டுக்குப் போகும். புது ஃபில்டரை வைத்ததும், மூடுவதற்கு முன் அந்தக் குழியில் ஆயிலை நிரப்புங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் குழியோடு ஸ்டார்ட் செய்தால் குழி நிறையும்வரை பிக் எண்ட் ஆயில் இல்லாமல் சுற்றும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையால் முழுதும் ஏற்றிவிட்டு, சின்ன ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். கிராங்க் கேஸ் அலுமினியம். முரட்டு இறுக்கம் கொடுத்தால் மரை போய்விடும், அதைச் சரிசெய்யும் செலவு ஒரு வருட ஆயில் செலவை விட அதிகம்.

முதலில் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். சாவியை அணைத்து வைத்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி இருபது கிக் அடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் ஐடிலில் விடுங்கள். ஹெட்டுக்கு ஏறும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் ஊறி வர வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் வராவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபில்டர் குழியைத் திரும்பப் பாருங்கள். வந்துவிட்டால் போல்ட்டை இறுக்குங்கள்.

அளவு பார்ப்பதில் நடக்கும் தவறு

இரண்டு மூன்று வாரம் நிற்கும் புல்லட்டில், டேங்கில் உள்ள ஆயில் பம்ப் வழியாக மெதுவாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் குறைந்ததுபோலக் காட்டும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இது தெரியாமல் அரை லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் இறங்கியிருந்த ஆயில் டேங்குக்குத் திரும்பி ஏறும். மிஞ்சியது பிரீதர் குழாய் வழியாகக் கொட்டும், சைலன்ஸரில் நீலப் புகை கிளம்பும். "எஞ்சின் போச்சு" என்று பயந்து ரிங் மாற்றியவர்களும் உண்டு.

எப்போதும் ஐந்து நிமிடம் ஓட்டி, அணைத்து, சமதளத்தில் நடு ஸ்டாண்ட் போட்டு உடனே பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போதும். ஒரே இரவில் டேங்க் காலியாகும் அளவுக்கு இறங்கினால் பம்ப் தேய்ந்திருக்கிறது.

ஊருக்குள் குறுகிய ஓட்டம் என்றால் 2,000 கிலோமீட்டர், நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் அதிகபட்சம் 3,000, ஓட்டமே இல்லாவிட்டாலும் ஆறு மாதம். வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் கிடந்த வண்டியை வாங்கியிருந்தால், முதல் ஆயிலை 300 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். புது ஆயில் கரைத்துக் கிளப்பும் கசடு அதற்குள் ஃபில்டரை அடைத்திருக்கும்.

காலி டின்னைத் தூக்கிப் போடும் முன் ஆணியால் ஓட்டை போடுங்கள், போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அது போய்ச் சேராது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் அடைத்துப் பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.