எஃப்4 விசா வரும்போது பிள்ளைக்கு 21 தாண்டியிருக்குமா? இன்றே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணனோ அக்காவோ உங்களுக்காக ஐ-130 என்ற குடும்ப விசா மனு போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை இப்போது கல்லூரி முடிக்கப் போகிறது, விசா வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று தெரியவில்லை. இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்வியை நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். பத்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம், பதிலும் கிடைத்திருக்கும்.

முதலில் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துவிடுவோம். உடன்பிறந்தோருக்கான பிரிவு எஃப்4. இதற்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசாதான், அதற்குள்ளேயே தம்பி, அவர் மனைவி, பிள்ளைகள் என்று எல்லோரும் அடக்கம். போதாததற்கு எந்த ஒரு நாடும் மொத்த விசாவில் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு வேறு. விளைவு, 2025-ல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2006-ல் போட்ட மனுக்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இலங்கையில் பிறந்தவர்கள் பொது வரிசையில் வருவதால் அவர்களுக்கு அதைவிட ஓராண்டு வாக்கில் முன்னால். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது இதில் கணக்கில்லை, எங்கே பிறந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

பிள்ளைகள் உங்கள் மனுவோடு ஒட்டிக்கொண்டு வரலாம், மனு போட்ட பிறகு பிறந்தவர்கள்கூட. ஆனால் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. 21-வது பிறந்தநாள் தாண்டியதும் எல்லாம் போச்சு என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அது தவறு. 2002 ஆகஸ்ட் 6-ல் கையெழுத்தான சிஎஸ்பிஏ (சைல்ட் ஸ்டேட்டஸ் புரொடெக்‌ஷன் ஆக்ட்) என்ற சட்டம் பிள்ளையின் நிஜ வயதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. எவ்வளவு கழிக்கலாம்? மனு குடிவரவுத் துறையிடம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அது அப்ரூவ் ஆன நாள் வரை எத்தனை நாள் கிடந்ததோ, அத்தனை நாள். அப்ரூவ் ஆன பிறகு வரிசையில் காத்திருந்த வருடங்களுக்குக் கழிவு கிடையாது. இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது இரண்டே தாள்: மனு கிடைத்தது என்று வந்த ரிசீப்ட் நோட்டீஸ், அப்புறம் அப்ரூவல் நோட்டீஸ். இரண்டுமே ஐ-797 என்ற தலைப்பில் வந்திருக்கும், அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம்தான் இருக்கும், இன்றைக்கே கேட்டு இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த நாட்களைப் பிள்ளையின் 21-வது பிறந்தநாளோடு கூட்டுங்கள். வரும் தேதிதான் அந்தப் பிள்ளையின் கடைசி நாள். அதற்கு முன்பு விசா கிடைக்கும் நிலை வந்துவிட்டால் பிள்ளை உங்களோடு வரலாம். அன்றைக்கோ அதற்குப் பிறகோ வந்தால் முடியாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மனு சேர்ந்தது 2006 மார்ச் 1, அப்ரூவ் ஆனது 2010 செப்டம்பர் 1. நடுவில் 1,645 நாள். மூத்த மகள் பிறந்தது 1998 ஜூன் 15, அவளுக்கு 21 ஆனது 2019 ஜூன் 15, அதோடு 1,645 நாளைக் கூட்டினால் 2023 டிசம்பர் 16. இளையவன் பிறந்தது 2001 ஜனவரி 15, அவனுக்கு இதே கணக்கில் 2026 ஜூலை 18. இப்போது விசா 2024 டிசம்பர் 1-ல் கிடைக்கும் நிலைக்கு வருகிறது என்று வையுங்கள். இளையவனுக்கு நிஜத்தில் 23 முடிந்து 24 நெருங்குகிறது, ஆனாலும் சட்டக் கணக்கில் 19 சொச்சம்தான், அவன் தாராளமாகப் போகலாம். மூத்தவள் ஒரு வருடத்தில் தவறவிட்டாள். ஒரே மனு, ஒரே வீடு, ஒரு பிள்ளை விமானம் ஏறுகிறது, இன்னொன்று வாசலில் நிற்கிறது. இந்தச் சட்டம் குடும்பங்களுக்குச் செய்யும் மிகப் பெரிய கொடுமை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இந்த இரண்டு தேதிகளையும் 2010 செப்டம்பரிலேயே கணக்குப் போட்டிருக்க முடியும், மூத்தவளின் வாழ்க்கையை அதற்கேற்ப அவளே திட்டமிட்டிருக்க முடியும்.

இதிலிருந்து ஒன்று புரியும். மனு அப்ரூவ் ஆகாமல் பல வருடம் இழுத்தால் அது உங்கள் பிள்ளைக்கு நல்லது. எஃப்4-ல் எப்படியும் விசா உடனே கிடைக்கப் போவதில்லை, வரிசையில் உங்கள் இடம் மனு சேர்ந்த நாளை வைத்துத்தான், அப்ரூவ் ஆன நாளை வைத்து அல்ல. அதனால் "இன்னும் பெண்டிங்கிலேயே இருக்கிறதே" என்று அண்ணனைப் போட்டு நச்சரிக்காதீர்கள், சீக்கிரம் அப்ரூவ் செய்யச் சொல்லி அங்கே யார் மூலமாகவும் கடிதம் போட வேண்டாம். வரிசை உங்களை நெருங்கும்வரை அது கிடக்கட்டும்.

"விசா கிடைக்கும் நிலை" என்றால் என்ன என்பதையும் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடுகிறது. அதில் குடும்பப் பிரிவுக்கு இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று இறுதி நடவடிக்கைத் தேதி, மற்றது ஆவணங்களை முன்கூட்டியே அனுப்புவதற்கான தேதி. இரண்டாவது பெரும்பாலும் கொஞ்சம் முன்னால் ஓடும், அதைப் பார்த்துவிட்டுப் பலர் வயது நின்றுவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வயது நிற்பது முதல் அட்டவணையில்தான். அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும் 2023 பிப்ரவரியில் இரண்டாவது அட்டவணையை ஏற்றுக்கொண்டார்கள், 2025 ஆகஸ்ட் 15 முதல் அதையும் திரும்ப மாற்றி முதல் அட்டவணைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, முதல் அட்டவணையில் உங்கள் பிரிவுக்கும் நாட்டுக்கும் நேராகப் போட்டிருக்கும் தேதி உங்கள் மனுத் தேதியைத் தாண்டும் முதல் மாதம் எதுவோ, அந்த மாதத்தின் 1-ம் தேதிதான் வயதைக் கணக்கிடும் நாள். மனு அதற்குப் பிறகுதான் அப்ரூவ் ஆகிறது என்றால், அப்ரூவ் ஆன நாள்.

வயது கணக்கில் தேறினால் மட்டும் போதாது. விசா கிடைக்கும் நிலை வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்தப் பிள்ளையும் விசாவை நாடியிருக்க வேண்டும். அதற்கு எளிய, சந்தேகமில்லாத வழி பிள்ளை பெயரிலேயே டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பிச் சமர்ப்பிப்பது. அப்பாவுக்கு மட்டும் படிவம் போட்டுவிட்டு, "பையன் பரீட்சை முடியட்டும், அவனுக்கு அப்புறம் போடலாம்" என்று விட்டால் அவன் பாதுகாப்பு பறிபோகும். தலைக்கு 325 டாலர் கட்டணம், நாலு பேர் என்றால் கணிசமான பணம்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு வருடம் இருக்கிறதே என்று இழுக்கவும் வேண்டாம். புல்லட்டின் தேதி சில சமயம் பின்னால் போகும். நீங்கள் நாடுவதற்கு முன்பே அது பின்னால் போய்விட்டால், மறுபடி தேதி வரும் அன்றைக்குத்தான் வயதைப் புதிதாகக் கணக்கிடுவார்கள், அதற்குள் கடைசி நாள் கடந்திருக்கலாம். தேதி வந்த அதே மாதத்தில் போட்டுவிடுங்கள்.

இனி கல்யாணப் பேச்சு. நம் வீடுகளில் இதுதான் அதிகம் வலிக்கும் இடம். "அமெரிக்கா விசா வருது, அதுவரை வரன் பார்க்க வேண்டாம்" என்று பெண்ணின் இருபதுகளை அப்படியே நிறுத்தி வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கடைசி நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நாளுக்குள் விசா வரவே வராது என்று தெரிந்தால், இந்த மனுவுக்காக அவள் காத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை. வரும் என்று தெரிந்தால், அமெரிக்காவில் இறங்கும் நாள் வரை அவள் திருமணமாகாதவளாக இருக்க வேண்டும். பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு மறைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய் சொல்லி விசா வாங்கியது தெரிந்தால் அமெரிக்கக் கதவு நிரந்தரமாகவே மூடிக்கொள்ளும். எதுவாக இருந்தாலும் கணக்கை அவளிடம் காட்டிவிட்டு அவளையே முடிவெடுக்க விடுங்கள்.

21 தாண்டிப்போன பிள்ளைக்கு என்ன வழி? நீங்கள் கிரீன் கார்டோடு போய் இறங்கியதும் அந்தப் பிள்ளைக்காகப் புதிதாக ஐ-130 போடலாம், பிரிவு எஃப்2பி, அதாவது கிரீன் கார்டுக்காரரின் 21 தாண்டிய, திருமணமாகாத பிள்ளைக்கானது. 2025-ல் அந்தப் பிரிவில் 2016-ல் போட்ட மனுக்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதாவது இன்னொரு ஒன்பது வருடம் போல. பழைய 2006 தேதியை இதற்குக் கொண்டுவர முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எல் சால்வடாரைச் சேர்ந்த ரோசலினா குயேயார் டி ஓசோரியோ என்ற அம்மா இதைத்தான் நீதிமன்றத்தில் கேட்டார். ரோசலினாவின் தாய் 1998-ல் அவருக்காக மனு போட்டபோது ரோசலினாவின் மகனுக்கு 13 வயது, 2005-ல் விசா வந்தபோது அவன் சில மாதம் முன்பு 21-ஐத் தாண்டியிருந்தான். 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முடியாது என்று தீர்ப்பளித்தது. எஃப்4 பிள்ளைகளுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். வேறு மாதிரி நடக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எஃப்2பி-யில் ஒரு கண்ணி உண்டு. பெற்றோர் கிரீன் கார்டில் இருக்கும்போது பிள்ளை திருமணம் செய்தால் அந்த மனு அன்றோடு செத்துப்போகும், ஏனென்றால் கிரீன் கார்டுக்காரரின் திருமணமான பிள்ளைக்கென்று ஒரு பிரிவே கிடையாது. பெற்றோர் குடியுரிமை வாங்கிய பிறகு திருமணம் என்றால் மனு எஃப்3-க்கு, அதாவது குடியுரிமை பெற்றவரின் திருமணமான பிள்ளைக்கான பிரிவுக்கு மாறி, பழைய தேதியோடு உயிரோடு இருக்கும். வரிசை நீளும், அவ்வளவுதான். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருடம் கிரீன் கார்டில் இருக்க வேண்டும். இதையும் சேர்த்துத்தான் பிள்ளையிடம் பேச வேண்டும்.

இன்னொரு வகைக் குடும்பமும் இதே இடத்தில் மாட்டுகிறது. மூத்த மகன் குடியுரிமை வாங்கி அப்பா அம்மாவுக்கு மனு போடுகிறான், அவர்களுக்கு வரிசையே இல்லை, சீக்கிரம் விசா வந்துவிடும். ஆனால் பெற்றோர் பிரிவில் யாரும் ஒட்டிக்கொண்டு வர முடியாது, வீட்டில் இருக்கும் 15 வயதுத் தங்கை உட்பட. அப்படியென்றால் பெற்றோர் போய் இறங்கிய வாரமே தங்கைக்கு எஃப்2ஏ (கிரீன் கார்டுக்காரரின் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான பிரிவு) மனு போட வேண்டும், ஒவ்வொரு மாதமும் முக்கியம். கிரீன் கார்டு பெற்றோர் இப்படி மனு போட்ட பிறகு, பிள்ளைக்கு 21 ஆவதற்குள் குடியுரிமை வாங்கிவிட்டால் வயது அந்த நாளோடு நின்றுவிடும்.

கணக்கு ஓரிரு மாதத்தில் தேறுகிறது அல்லது தவறுகிறது என்றால் அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவருக்குப் பணம் கொடுத்துச் சரிபாருங்கள். அங்கே செலவழிப்பது நியாயம். மற்றபடி வரிசையை வேகப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லும் கன்சல்டன்ட் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம், புல்லட்டினை யாராலும் நகர்த்த முடியாது.

கடைசியாக முகவரி. 2006-ல் போட்ட மனுவில் அண்ணனின் பழைய அபார்ட்மென்ட் முகவரி, எப்போதோ ஓய்வுபெற்ற வக்கீலின் பெயர், யாரும் திறக்காத ஒரு ஈமெயில், இவைதான் இருக்கும். அறிவிப்பு அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு வருடம் யாரும் பதில் சொல்லாவிட்டால் மனுவையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, பிள்ளையின் ஒரு வருடக் கெடுவும் கூடவே ஓடிவிடும். மனு இன்னும் அப்ரூவ் ஆகவில்லை என்றால் அண்ணன் குடிவரவுத் துறையிடம் முகவரியை மாற்ற வேண்டும். அப்ரூவ் ஆகி, விசா ஆவணங்களை வாங்கிச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போய்விட்டது என்றால் அவர்கள் இணையதளத்தில் இருக்கும் விசாரணைப் படிவத்தில் கேஸ் நம்பரைப் போட்டு உங்கள் ஈமெயிலையும் அண்ணனுடையதையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கு வயதாகிறது என்பதையும் மனதில் வையுங்கள், மனு போட்டவர் இறந்துவிட்டால் மனு தானாகவே விழுந்துவிடும், ஏற்கெனவே அப்ரூவ் ஆகியிருந்தால் மட்டும் மனிதாபிமான அடிப்படையில் திரும்ப உயிர்ப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் அவர்கள் விருப்பம்தான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லாததைத் திருத்திவிடுங்கள். தாலுகா ஆபீஸிலும் பாஸ்போர்ட் ஆபீஸிலும் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், விசா தேதி வந்த பிறகு அந்த அவகாசம் இருக்காது.