செட்டிங்ஸை எங்கே வைப்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக அறுவடை மும்முரமாக நடந்த நேரம். கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, விண்டோஸ் புதிசாப் போட்டது, பில் அடிக்கேலாமல் கிடக்கு."

திருத்தியவர் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் கவனமாகப் பிரதி எடுத்திருந்தார். ஆனால் சாக்குக்குக் கழிக்கும் எடை, பில் தாளின் அளவு, தமிழ் எழுத்துரு எல்லாம் இருந்த செட்டிங்ஸ் ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரோடு அழிந்துபோயிருந்தது. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, பழைய பில்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டோம்.

முதல் பிழை மென்பொருள் எழுதியவருடையது. புரோகிராம் ஃபைல்ஸ் மென்பொருளுக்கான இடம். சாதாரண பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் மென்பொருள் எழுத முயன்றால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் அந்த ஃபைலைச் சத்தமில்லாமல் வேர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். நாம் ஓரிடத்தில் தேட, அது வேறிடத்தில் கிடக்கும். அவரவர் செட்டிங்ஸ், பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் உள்ள ரோமிங் ஃபோல்டரில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது புரோகிராம்டேட்டா ஃபோல்டரில். லினக்ஸ் என்றால் பயனரின் ஹோம் ஃபோல்டரில், புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டர்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இன்னொன்றும் முக்கியம். பழைய ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். எழுதும்போது கரண்ட் போனால் 0 பைட் ஃபைலோ அரைகுறை ஃபைலோ மிஞ்சக்கூடும். தற்காலிக ஃபைலில் முழுதாக எழுதி, டிஸ்க்கில் பதிந்த பிறகு அதன் பெயரைப் பழைய ஃபைலின் பெயருக்கு மாற்றுங்கள். முந்திய பிரதி ஒன்றையும் விட்டுவையுங்கள்.

சரி, பாவிப்பவர் விடும் பிழை? ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், அதனால் பிரதி எடுக்கும்போது விட்டுப்போகிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு எழுதினால் நேரே ரோமிங் திறக்கும். மென்பொருளை மூடிவிட்டே பிரதி எடுங்கள். அதே ஹார்ட் டிஸ்க்கின் டி டிரைவில் வைத்தால் அது பக்கப் ஆகாது, டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். செட்டிங்ஸில் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருந்தால், பிரதி இருக்கும் பென் டிரைவ் யார் கைக்கும் போகக்கூடாது.

அந்த ஆலையின் பென் டிரைவ் இப்போது கணக்குக் கொப்பிகளோடு அலுமாரியில் இருக்கிறது. சிறுபோகத்துக்கு முன் அதை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் வந்தது. பிரிண்டரின் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.