17,000 தீவை வைத்துக்கொண்டு கடலில் கோடு போடுவது எப்படி?

ஒரு இந்தோனேசிய வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூட அட்லஸ் போதும். கூடவே கொஞ்சம் குண்டூசி, ஒரு நூல்கண்டு. தீவுக்கூட்ட நாடு தன் கடல் எல்லையை எப்படிப் போடுகிறது என்று சட்டப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும், கையால் செய்து பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஏன் இந்தோனேசியா என்றால், இந்த ஆட்டத்துக்கு விதி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள்தான்.

கதை சின்னது. 1957 வரை அங்கே இருந்தது டச்சுக்காரர்கள் 1939-ல் போட்ட சட்டம். ஒவ்வொரு தீவையும் சுற்றி 3 கடல் மைல் மட்டும் நாட்டுக்குச் சொந்தம், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், அதற்கு அப்பால் எல்லாமே பொதுக்கடல். ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவில் டச்சுப் போர்க்கப்பல் ஹாயாகப் போய்வரலாம், யாரும் கேட்க முடியாது. டச்சுக்காரர்கள் விடாமல் வைத்திருந்த நியூ கினியின் மேற்குப் பாதிக்கான மேற்கு இரியான் தகராறு சூடாக இருந்த நேரம் வேறு. 1957 டிசம்பர் 13 அன்று பிரதமர் ஜுவாண்டா ஓர் அறிவிப்பு விட்டார்: தீவுகள் மட்டுமல்ல, அவற்றுக்கு இடையே உள்ள நீரும் சேர்ந்ததுதான் நாடு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து எல்லாம் ஆட்சேபம் தெரிவித்தன. இந்தோனேசியா விடவில்லை. 25 ஆண்டு கழித்து, 1982-ல், ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் தீவுக்கூட்ட நாடுகளுக்கென்றே தனிப் பகுதி வந்தது. அவர்கள் மொழியில் தாய்நாட்டைத் 'தானா ஆயிர்' என்பார்கள், நிலமும் நீரும் என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் சட்டமாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஊசி குத்துவதற்கு முன்னால் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க முழுக்கத் தீவுகளால் ஆன நாடாக இருக்க வேண்டும். அந்தமானும் லட்சத்தீவும் கையில் இருந்தாலும் இந்தியாவுக்கு இந்தச் சலுகை கிடையாது, பெருநிலம் இருக்கிறதே. அப்புறம் ஒரு கணக்கு: நூலுக்கு உள்ளே வரும் நீரின் பரப்பு நிலப்பரப்புக்குக் குறைந்தது சமமாக இருக்க வேண்டும், ஒன்பது மடங்குக்கு மேல் போகக்கூடாது. தீவுதானே என்று பிரிட்டன் வந்து நின்றால் நடக்காது, அங்கே நிலம் அதிகம்.

இனி ஊசி. வெளி ஓரத்தில் இருக்கும் தீவுகளின் கடைசி முனைகளிலும், வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும்போது, காயும் பார்களின் (பாறைத் திட்டுகளின்) ஓரத்திலும் குத்துங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நூலை நேராக இழுங்கள். ஒரு நூல்துண்டு 100 கடல் மைலைத் தாண்டக்கூடாது. மொத்தக் கோடுகளில் நூற்றுக்கு மூன்று மட்டும் 125 வரை போகலாம். தீவுக்கூட்டத்தின் பொதுவான வடிவத்தை விட்டு நூல் எங்கேயோ ஓடக்கூடாது, பக்கத்து நாட்டின் கரைக்கடலைப் பெருங்கடலிலிருந்து துண்டிக்கவும் கூடாது. 1960-ல் இந்தோனேசியா சட்டம் போட்டபோது இப்படி 196 கோடுகள் இழுத்தது.

சிக்கல் ஊசி குத்தும் இடத்தில்தான். வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் மேட்டில் குத்த வேண்டுமானால், ஒன்று அது ஏதாவது ஒரு தீவிலிருந்து 12 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் எப்போதும் நீருக்கு மேலே நிற்கிற கலங்கரை விளக்கம் மாதிரி ஏதாவது அதன்மேல் கட்டியிருக்க வேண்டும். போர்னியோவுக்குக் கிழக்கே உள்ள அம்பாலாட் கடற்பகுதிக்காக மலேசியாவோடு சண்டை முற்றிய 2005-ல் இந்தோனேசியா காராங் உனாராங் என்ற பாரின் மேல் கலங்கரை விளக்கம் கட்டியதற்கு இதுதான் பின்னணி. சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் நிப்பா தீவு இன்னும் பாவம். கடல் ஏற்றத்தில் ஏறக்குறைய மூழ்கிப்போகும் நிலைக்குத் தேய்ந்துவிட்டது. சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்த காலம், மணல் பக்கத்து இந்தோனேசியத் தீவுகளான ரியாவ் பக்கமிருந்து போய்க்கொண்டிருந்தது. 2003-ல் ஜகார்த்தா கடல்மணல் ஏற்றுமதியை நிறுத்தி, அடுத்து நிப்பாவைக் கொட்டி மேடாக்கக் கிளம்பியது. ஆள் குடியில்லாத சின்னத் திட்டுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டால், ஆமாம், ஊசி கழன்றால் நூல் உள்ளே வந்துவிடும். 2009-ல் சிங்கப்பூரோடு மேற்குப் பக்க எல்லையில் கையெழுத்துப் போடும்போது நிப்பாவில் அந்த ஊசி இருந்தது.

எந்த ஊசியையும் எழுதி வைக்க மறக்காதீர்கள். போர்னியோவுக்குக் கிழக்கே சிப்பாடான், லிகிட்டான் என்று இரண்டு குட்டித் தீவுகள். இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்கை ஹேக் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின, 2002 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு மலேசியா பக்கம் போனது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: அங்கே ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்தி உத்தரவு போட்டதும், 1960-களின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கம் கட்டியதும் மலேசியத் தரப்பின் முந்தைய ஆட்சியாளர்கள்தான். இந்தோனேசியாவின் 1960 சட்டத்திலோ அந்த இரண்டு தீவுகளின் பேரே இல்லை, நீதிமன்றம் அதையும் சுட்டிக்காட்டியது. அதே 2002-ல், தீர்ப்புக்குச் சில மாதம் முன்னால்தான், இரண்டையும் ஊசிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ரொம்பத் தாமதம். 2008-ல் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று.

நூலுக்கு உள்ளே இருப்பது உங்கள் நீர். ஆனாலும் பிற நாட்டுக் கப்பலை மறிக்க முடியாது. வடக்குத் தெற்காக மூன்று வழித்தடங்களை இந்தோனேசியா ஒதுக்கியிருக்கிறது. கப்பல்கள் அந்த வழியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 25 கடல் மைலுக்கு மேல் விலகக்கூடாது. நூலுக்கு வெளியே 12 கடல் மைல் கரைக்கடல், 200 வரை மீனும் மற்ற வளமும் உங்களுக்கே உரிய பொருளாதார மண்டலம், அடியில் கண்டத்திட்டு, அதாவது கடலடித் தரை. பக்கத்து வீட்டுக்காரரும் இதே மாதிரி அளந்துகொண்டு வருவார், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் பேச்சுவார்த்தை.

பேசும்போது அடியில் இருப்பதையும் மேலே இருப்பதையும் பிரித்துப் பேசலாம். தரைக்கு அடியில் எண்ணெய், மேலே மீன், இரண்டுக்கும் ஒரே கோடு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்தியாவோடு 1974 ஆகஸ்டில் பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே போட்ட கோடு கடலடித் தரைக்கு மட்டும்தான். கச்சத்தீவு ஒப்பந்தம் வந்ததும் அதே ஆண்டு ஜூனில்தான் என்பது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் இப்படிப் பிரிப்பதில் ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவோடு 1972-ல் போட்ட தரைக்கோடு கடலடியில் இருக்கும் டிமோர் பள்ளத்தைக் காட்டி இந்தோனேசியக் கரைக்கு நெருக்கமாக வந்துவிட்டது. 1997-ல் நீருக்குப் போட்ட கோடு நடுவில் போகிறது. ஆக, சில இடங்களில் மேலே ஓடும் மீன் இந்தோனேசியாவுக்கு, கீழே இருக்கும் எண்ணெய் ஆஸ்திரேலியாவுக்கு. அந்த 1997 ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பது தனி வேடிக்கை.

அவசரம் வேண்டாம். பிலிப்பைன்ஸோடு 1994-ல் தொடங்கி 2014-ல் முடிந்தது, வியட்நாமோடு கடலடித் தரைக்கு மட்டும் 1978 முதல் 2003 வரை. மலேசியாவோடு 1969-லேயே முடிந்ததும் உண்டு, அம்பாலாட் மாதிரி இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. முடிந்த துண்டை முதலில் கையெழுத்துப் போட்டு, முடியாத துண்டை வெள்ளையாக விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான் என்பேன்.

கடைசியாக, யாரோடு உட்காரக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். தென்சீனக் கடல் தனது என்று சீனா வரைபடத்தில் போட்டிருக்கும் ஒன்பது துண்டுக் கோடுகள் இந்தோனேசியாவின் நாத்துனா தீவுகள் பக்கம் வருகின்றன, அவற்றை இந்தோனேசியா ஏற்றதே இல்லை. பேச உட்கார்ந்தாலே எதிராளிக்கு அங்கே உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால் 'எங்களுக்குள் எல்லைத் தகராறே இல்லை' என்பதுதான் பல்லாண்டு நிலைப்பாடு. 2024 நவம்பரில் அதிபர் பிரபோவோ பெய்ஜிங் போனபோது வந்த கூட்டறிக்கையில், இரு தரப்பும் உரிமை கோரும் பகுதிகள் என்கிற மாதிரி ஒரு சொற்றொடர் நுழைந்துவிட்டது. இரண்டே நாளில், பழைய நிலைப்பாடு மாறவில்லை என்று வெளியுறவு அமைச்சகம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. நூலும் ஊசியும் வாங்கும்போதே, கூட்டறிக்கையை வரிவரியாகப் படித்துப் பார்க்க ஒரு கடல் சட்ட வக்கீலையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.