லிப்ரே ஆபீஸ் நிறுவியதும் முதலில் மாற்ற வேண்டியது

கடிதம், கணக்கு என்று வீட்டு வேலைக்குக் எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலாகக் காசில்லாத லிப்ரே ஆபீஸ் மென்பொருளே போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு தளங்களில் வேண்டாத நிரலும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

நிறுவியதும் டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லோட்/சேவ் > ஜெனரல் போங்கள். ‘ஆல்வேஸ் சேவ் ஆஸ்’ என்ற இடத்தில் வேர்ட் 2010–365 வடிவைத் தேர்ந்தெடுங்கள். கணக்குத்தாளுக்கும் ஸ்லைடுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். செய்யாவிட்டால் புதுக் கோப்பு லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவில் (கடிதம் என்றால் ஓடிடி) சேமிக்கப்படும். பெறுபவர் கைபேசியில் திறக்காமல் போகலாம்.

பழைய கோப்பில் வரிகள் நகர்ந்தால் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். காலிப்ரி இல்லையென்றால் அதே அகலமுள்ள கார்லிட்டோ கைகொடுக்கும். எல்லா எழுத்துருவுக்கும் அப்படி இணை கிடையாது. அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

எக்ஸெல் மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இதிலும் அப்படியே ஓடும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஓட்டிப் பார்த்த பிறகே பழைய எம்எஸ் ஆபீஸை நீக்குங்கள்.