பிரசவத்துக்குப் பின் சைக்கோசிஸ்: வீட்டார் அன்றைக்கே செய்ய வேண்டியவை

குழந்தை பிறந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தாய் காரணம் தெரியாமல் அழுதால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பாதிப் பேருக்கும் மேல் வருவதுதான்; இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். சைக்கோசிஸ் வேறு. நிஜத்தோடு தொடர்பு அறுந்து, இல்லாததை உண்மையென்றே நம்பும் கடுமையான மனநோய் அது. 1,000 பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தலைகாட்டும். சில மணி நேரத்திலேயே முற்றிவிடவும் கூடும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட இதில் இடமே இல்லை.

முதலில் கெடுவது தூக்கம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யார்தான் சரியாகத் தூங்குகிறார்கள்? அதனால்தான் இந்த அறிகுறி கண்ணில் படாமல் நழுவுகிறது. குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது, அப்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, அசதியும் தெரியவில்லை என்றால் உஷாராகுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்குவாள். பேச்சு வேகமெடுக்கும், ஒன்றை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும். அடுத்து சந்தேகம்: குழந்தையை மாற்றிவிட்டார்கள், பாலில் ஏதோ கலந்திருக்கிறார்கள். இல்லாத குரல் கேட்கலாம். இது பகலா இரவா என்பதே குழம்பலாம். காலையில் இப்படி இருந்தவள் மத்தியானம் தெளிவாகப் பேசுவாள். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்தத் தெளிவை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

"குழந்தைக்கு நானே ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற எண்ணம் வந்து, அதை நினைத்தே நடுங்கி, கத்தியை எடுத்து ஒளித்துவைக்கும் தாய்க்குப் பெரும்பாலும் இருப்பது எண்ணச் சுழற்சி நோயான ஓசிடி. சைக்கோசிஸில் அந்த எண்ணம் பெரும்பாலும் அவளை நடுங்க வைக்காது. அதுவே சரி என்று நம்புவாள். எது என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம், சந்தேகமிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.

கிளம்பும் வரை அவளைத் தனியாக விடாதீர்கள். குழந்தையோடு தனியாக ஒரு நிமிடம்கூட வேண்டாம். தாயோடு ஒருவர், குழந்தையோடு இன்னொருவர். மாத்திரை, கத்தி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வண்டியை அவள் ஓட்டக் கூடாது. அவள் சொல்வதை மறுத்து வாதாடினால் உங்களையும் எதிரியாகப் பார்ப்பாள். ஆமாம் என்று தலையாட்டினால் அந்த நம்பிக்கை இன்னும் இறுகும். "உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது, நான் கூடவே இருக்கேன்" என்பது போதும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, குழந்தையை ஏதாவது செய்யத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் அவள் இயல்பாகப் பேசிவிட வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: பிரசவம் ஆன தேதி, கடைசி மூன்று நாட்களில் ஒவ்வொரு இரவும் தூங்கிய மணி நேரம், அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே, சாப்பிடும் மருந்துகள், காய்ச்சல், தலைவலி, வலிப்பு இருந்ததா. அவளுக்கு பைபோலார் நோய் (மனநிலை மிகையான உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) உண்டா, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிரசவத்துக்குப் பின் இப்படி வந்ததா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பைபோலார் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஆனால் முன்பு எந்த மனநோயும் இல்லாதவர்களுக்கும் வரும். கிருமித்தொற்று, தைராய்டு கோளாறு, மூளை இரத்தக் குழாயில் அடைப்பு ஆகியவையும் இதே போல் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் எடுப்பார்கள்.

பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியாவில் உண்டு, பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையிலும் உண்டு. எங்கே இருந்தாலும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள். சைக்கோசிஸைக் கட்டுப்படுத்தும் ஆன்டிசைக்கோடிக் மாத்திரை, தூக்க மருந்து, மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் ஆகியவை வழக்கமான சிகிச்சை. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் மின் அதிர்வு சிகிச்சை; பெயர் பயமுறுத்தினாலும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இது இந்த நோயில் நன்றாகவே வேலை செய்கிறது. லித்தியம் சாப்பிட்டால், கடைசி வேளை மருந்து சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். உடலில் நீர் வற்றினாலோ ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரை சேர்ந்தாலோ அந்த அளவு ஏறும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. தாய்ப்பால் தரலாமா என்பது மருந்தைப் பொறுத்தது. நிறுத்தச் சொன்னால் மார்பு கட்டிக்கொள்ளாமல் படிப்படியாக நிறுத்தும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மருந்து சாப்பிடும் தாயின் படுக்கையில் குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது.

கடுமையான அறிகுறிகள் சில வாரங்களில் தணியும்; முழுதாகப் பழையபடி ஆக 6 முதல் 12 மாதம் ஆகலாம். இடையில் மனச்சோர்வு வருவது சகஜம். வீடு திரும்பியதும் இரவுப் பாலூட்டல் வேறொருவர் பொறுப்பு, அவளுக்குத் தொடர்ச்சியான இரவுத் தூக்கம். சும்மா வந்து பார்த்துப் போகிறவர்களைக் கொஞ்ச நாள் வாசலோடு அனுப்பினாலும் குற்றமில்லை. "என்னென்னவோ பேசினேனாமே" என்று அவள் கூசிப்போகும்போது அதைக் கிளறிச் சிரிக்காதீர்கள், அவள் கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். கணவருக்கும் இது பேரதிர்ச்சிதான். அவர் தூக்கத்தையும் கணக்கில் வையுங்கள். இதைக் கடந்து வந்த தாய்மார்களோடு பேசுவது பெரிய பலம். பிரிட்டனின் ஆக்‌ஷன் ஆன் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், அமெரிக்காவின் போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் ஆகிய அமைப்புகள் அதற்கு வழி செய்கின்றன.

அடுத்த குழந்தைக்கு நினைத்தால், கருத்தரிப்பதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டில் ஒன்று வரை இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. நோய் மறுபடி வராமல் தடுக்கும் மருந்தைப் பிரசவத்தன்றே தொடங்குவதா, முதல் இரண்டு வாரம் இரவில் யார் யார் விழித்திருப்பது, அவசரத்தில் யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் எட்டாம் மாதத்துக்குள் தாளில் ஏறி, பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.