அலைத்தொட்டியில் நான் திருத்திய காலக்கணக்கு

திருகோணமலையின் உப்புவெளிக் கரையில், வாடைக்காற்று வீசிய ஒரு காலையில், அளவு குறித்த கம்பொன்றை ஆழங்குறைந்த நீரில் நட்டு, அதைக் கடந்த 11 அலைமுகடுகளுக்கு எடுத்த நேரத்தை 10 ஆல் வகுத்தபோது அலைக்காலம் 8 செக்கன் என வந்தது. உயரம் ஏறத்தாழ 1 மீற்றர்.

அதை 25 இல் ஒரு பங்காக ஆய்வுகூட அலைத்தொட்டியில் உருவாக்க முயன்றேன். உயரத்தை 4 சென்ரிமீற்றராக்கியது சரியே. ஆனால் காலத்தையும் 25 ஆல் வகுத்து 0.32 செக்கன் என வைத்ததால், அலைகள் மணற்சரிவை அடையுமுன்பே, அலையெழுப்பும் பலகையின் அருகிலேயே உடைந்து சிதறின. இரண்டு நாட்கள் பலகையையே சந்தேகித்தேன். பின்னர் கணக்கிட்டபோதுதான் காரணம் தெரிந்தது: அந்தக் காலத்திற்குரிய அலைநீளம் வெறும் 16 சென்ரிமீற்றர், உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கை மீறினால் எந்த அலையும் நிலைக்காது, என்னுடையதோ நான்கில் ஒரு பங்கு.

ஈர்ப்பு விசை ஆளும் அலைகளில், சிறு மாதிரிகளுக்கு அளவுகளை மாற்றும் முறையைக் கூறும் புரூட் (Froude) விதிப்படி, காலம் அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால்தான் குறையும். ஆகவே 8 ஐ 5 ஆல் வகுத்து 1.6 செக்கன் என மாற்றினேன். அலைகள் சரிவு வரை சீராக வந்து, கரையில் நான் கண்டதைப் போலவே உடைந்தன. மணலை மட்டும் 25 இல் ஒரு பங்காக்க இயலாது. அவ்வளவு நுண்ணிய துகள் களிமண்போல ஒட்டிக்கொள்ளும்.