சாணத்தைக் கழுவிப் பாருங்கள்: கறவை மாட்டின் செரிமானத்தை அறிய ஒரு எளிய முறை

பால் குறைந்த பிறகுதான் தீவனத்தில் கோளாறு என்று பலருக்கும் உறைக்கிறது. சாணம் அதை முன்கூட்டியே காட்டிவிடும். தேவையானவை: கையுறை, ஒரு லிட்டர் டப்பா, ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, தண்ணீர்க் குழாய். மாவுச் சல்லடை வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

1. எந்தச் சாணம்?
காலையில் கொட்டகையைக் கூட்டுவதற்கு முன், மாடு மிதிக்காத, மூத்திரம் கலக்காத புதுச் சாணமாகப் பாருங்கள். தின்ற தீவனம் வெளியே வர ஒன்றரை முதல் மூன்று நாள் ஆகும். அதனால் நேற்றுப் போட்ட புண்ணாக்கை மட்டும் குறை சொல்லாமல், முந்தாநாள் என்ன போட்டீர்கள் என்றும் யோசியுங்கள். ஒரே ஒரு சாணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள்.

2. விழும் விதம்
கறவை மாட்டின் சாணம் 'தொப்'பென்று விழுந்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வளையம் வளையமாக நின்று, நடுவில் சிறு குழி விழ வேண்டும். கூழ் மாதிரி பரவித் தெறித்தால் புண்ணாக்கு, தானியம் போன்ற அடர்தீவனம் அதிகம் அல்லது நார் குறைவு. இளம்புல் மட்டும் மேய்ந்தாலும், கன்று போட்ட புதிதிலும் சாணம் கொஞ்சம் இளகும். அதற்குப் பதற வேண்டாம். உருண்டை உருண்டையாக, அடுக்கடுக்காக விழுந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வைக்கோலையே நம்பி ஓட்டுவதால் புரதம் போதவில்லை. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வெயில் காலத்தில் 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காட்ட வேண்டும். பால் வற்றிய மாட்டின் சாணம் கொஞ்சம் கெட்டியாக இருப்பது இயல்புதான்.

3. கழுவிப் பார்த்தல்
விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரு டப்பா சாணத்தைச் சல்லடையில் போட்டு, குழாயை மெதுவாகத் திறந்து, கீழே தெளிந்த தண்ணீர் இறங்கும்வரை அலசுங்கள். தேய்த்தால் நார் உடைந்துவிடும், வேகமாகப் பீய்ச்சினால் தானியம் தெறித்துப் போகும். மிஞ்சியதைப் பிழிந்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள்.

முழு மக்காச்சோளமோ உடையாத பருத்திக்கொட்டையோ கிடந்தால் அவ்வளவு காசும் எருக்குழிக்குப் போகிறது. தானியத்தைக் குருணையாக உடைத்துப் போடுங்கள். மாவாக அரைத்தால் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலம் கூடும்.

ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் நீளமான நார் நிறைய இருந்தால், மாடு சரியாக அசை போடவில்லை, தீவனம் முதல் வயிற்றில் தங்காமல் ஓடிவருகிறது என்று பொருள்.

வெளிறிய, வழவழப்பான சவ்வுத் துண்டுகளைத் தவறவிடாதீர்கள். விரலில் தூக்கினால் கோழிக்குடல் மாதிரி தொங்கும். முதல் வயிற்றில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளித்து, குடலின் உள்சுவரை அரித்ததன் அடையாளம் அது. கழுவும் முன்பே சாணத்தில் நுரையும் குமிழியும் இருந்திருக்கும்.

4. நிறம்
பசுந்தீவனம் தின்றால் பச்சை, வைக்கோல் தின்றால் பழுப்பு. தார் போலக் கறுத்து நாறினால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கலாம். சிவப்பு ரத்தம் குடலின் பின்பகுதியிலிருந்து வருவது. இரண்டுக்கும் கால்நடை மருத்துவர்தான் வேண்டும்.

5. திருத்தம்
அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ, பிறகு அடர்தீவனம். புதுத் தீவனத்துக்கு 10 முதல் 14 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கழுவிப் பார்த்தால் வித்தியாசம் தட்டிலேயே தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று பொங்கலையும் பழத்தையும் அளவில்லாமல் ஊட்டுவதும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைக் கொட்டுவதும் இதே அமிலக் கோளாறை ஒரே நாளில் கொண்டுவரும். மாடு அசை போடாமல், தள்ளாடி, புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

6. ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால்
குடற்புழு முட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெலிவு, தாடைக்குக் கீழே வீக்கம், ஓயாத கழிச்சல் இருந்தால், தரையில் கிடப்பதை எடுக்காமல் கையுறையோடு ஆசனவாயிலிருந்தே எலுமிச்சை அளவு எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மாட்டின் அடையாளம், தேதி, கடைசியாகக் குடற்புழு நீக்கிய நாள் மூன்றையும் டப்பாவின் பக்கவாட்டில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் டப்பா மாறிப் போகும். அன்றே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவிட்டால் முட்டை சிதைந்துவிடும்.